அளவுகோல் நிற்கும் இடம்

ஆந்திர தேசத்துப் பெத்தகஞ்சாம் பக்கத்திலிருந்து கடலோரத்தை விட்டு அகலாமல் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாய், சென்னை நகரத்தை ஊடுருவி, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் மேற்குப் புறமாகச் சென்று, பாலாற்றையும் தாண்டி, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் வந்து முடிவடைகிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இக்கால்வாயில் சென்னைக்குச் சென்று வந்த காலம் போய்விட்டது. இக்காலத்தில் இந்தக் கரையிலிருந்து வடக்கே செல்வோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் படித்த இளைஞர் பலர் சென்று சேரும் இடம், அதே கால்வாயை ஒட்டிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது முதல் அச்சாலை நெடுகக் கணிப்பொறி நிறுவனங்கள் எழுந்துள்ளன. அந்நிறுவனங்களில் உத்தியோகம் பார்ப்போரும் பார்க்க விரும்புவோரும் பயிலும் வகுப்புகளுள் ஒன்று, யூஎக்ஸ் புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் என்று வழங்கப்பெறும் பயனர் அனுபவத் திட்ட மேலாண்மை.

ஒரு செயலியையோ இணையதளத்தையோ உபயோகிப்பவர் படும் சிரமத்தை அறிந்து, அதனைக் குறைக்கும் வேலையைக் காலக்கிரமமாகவும் செலவுக்கு உட்பட்டும் நடத்துவிக்கும் வித்தையே இந்த வகுப்பின் பொருள். கேட்பவர்க்கு இது நேற்று முளைத்த வித்தையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பொருளை ஆக்குகிறவன், அதை ஆளுகிறவன், அதை உபயோகிக்கிறவன் என்னும் மூவரில் யாருடைய சௌகரியத்தைக் கணக்கில் கொண்டு தொழில் கற்பிக்கப்படுகிறது என்ற வழக்கு மிகவும் பழையது. அதன் வரலாற்றைப் படிப்பதற்கு மரக்காணத்து உப்பளக் கரை பொருத்தமான இடம். ஏனெனில் அளவுகோல் எங்கே நிறுத்தப்பட்டதோ அதற்கேற்பவே இங்கே பயிற்சியும் அமைந்தது என்பதை நூற்றாண்டு நூற்றாண்டாகக் காணலாம்.

சங்க காலத்தில் இப்பகுதி ஓய்மாநாட்டைச் சேர்ந்தது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்றும், யவனர் குறிப்பில் காணும் சோபட்மா என்னும் துறைமுகமும் அதுவே என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஊரின் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. உப்பு விளையும் இடத்தை அளம் என்றும், அதில் உழைப்போரை அளவர் என்றும், விளைந்ததை வண்டியிலேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு செல்வோரை உமணர் என்றும் பழந்தமிழ் மக்கள் அழைத்தனர். உமணர் வீட்டுப் பெண்கள் தெருத்தெருவாகச் சென்று நெல்லுக்கு உப்பை மாற்றிய காட்சி சங்கச் செய்யுள்களில் இடம்பெற்றிருக்கிறது. வாங்குகிறவள் உப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, நிறமும் மணியும் பிடித்தால் நெல்லைக் கொடுப்பாள். பிடிக்காவிட்டால் கதவை அடைப்பாள். அளவுகோல் அக்காலத்தில் வீட்டு வாசலில் நின்றது.

அந்நாளில் தொழிலைக் கற்பித்த விதம், இன்றைக்கும் அளத்தில் பெரிதும் மாறாத விதமே. தை மாசி மாதங்களில், மழைநீர் வடிந்த பின், பழைய சேற்றை வழித்துப் பாத்திகளைச் செப்பனிட்டுக் காலால் மிதித்துத் தரையை இறுக்குவார்கள். தரை இளகியிருந்தால் உப்போடு மண்ணும் சேர்ந்து வரும். பிறகு உவர்நீரைப் பெரிய தேக்கத்திலிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு மடை திறந்து மாற்றி மாற்றி வெயிலில் காயவைப்பார்கள். கடல்நீர் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புடையது. அது செறிந்து வரும்போது சமையலுப்புக்கு முன் ஜிப்சம் படியும். மேலும் செறிந்து, நீரின் செறிவைக் காட்டும் போமே அளவையில் 25 டிகிரியை எட்டும்போது சமையலுப்பு மணிகட்டத் தொடங்கும். 30-ஐ நெருங்கும் வரை விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பும் ஈரக்கசிவும் உண்டாகும். இந்த எண்கள் எல்லாம் பிற்காலத்தவை. எண் தெரியாத முன்னோர் நீரின் நிறத்தாலும், விரலிடைப் பிசுபிசுப்பாலும், மேற்பரப்பில் மிதக்கும் ஆடையாலும் பதம் அறிந்தனர். பெரியவர்களின் பின்னால் நடந்து, அவர்கள் மடை திறக்கும் வேளையையும் மூடும் வேளையையும் பிள்ளைகள் பார்த்துப் பழகினார்கள். ஒரு பருவம் தவறினால் அடுத்த ஆண்டு வரையில் அந்தப் பாடத்தைத் திரும்பக் கற்க முடியாது என்பதால், பார்த்தலில் அசிரத்தைக்கு இடமில்லாதிருந்தது. ஏட்டில் எழுதப்படாத பாடமாயினும், தவறின் பலன் அதே பருவத்தில் பிரத்தியட்சமாகத் தெரிந்த பாடம் அது.

இந்த ஒழுங்கை முதலில் மாற்றியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1805-ஆம் வருஷத்து முதலாம் ரெகுலேஷன் மூலம் சென்னை ராஜதானியின் உப்பு முழுவதும் கம்பெனியின் ஏகபோகம் ஆயிற்று. விளைவித்தவன் விளைவு முழுவதையும் சர்க்கார் பண்டகசாலையில் ஒப்படைத்துவிட்டுக் குடிவாரம் என்னும் கூலியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வாங்குகிறவன் அதே பண்டகசாலையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டும். இடையில் நின்ற தராசுதான் ராஜாங்கத்தின் கண். வாசற்படியிலிருந்த அளவுகோல் பண்டகசாலை வாயிலுக்கு வந்துவிட்டது. 1876-இல் நியமிக்கப்பட்ட உப்புக் கமிஷனின் விசாரணைக்குப் பின்னர், 1880-களில், விளைவிப்போர் வரியைச் செலுத்தித் தாமே விற்கும் எக்சைஸ் முறை பரவிற்று. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் அதற்கு உருவம் தந்தது. முறை மாறினும் நோக்கம் மாறவில்லை. அளத்தைச் சுற்றி வேலி, அம்பாரத்தின் மேல் முத்திரை, கிடங்குக்குப் பூட்டு, எடைக்குச் சாட்சி, இரவில் காவல் என்று எல்லா ஏற்பாடும் ஒரு வீசை உப்பும் வரி செலுத்தாமல் வெளியேறக் கூடாது என்பதற்காகவே வகுக்கப்பட்டன. உப்பு இலாகாவின் உத்தியோகஸ்தருக்குப் பழக்கப்பட்ட வித்தையும் அதுவே: நிறுக்கவும், பதியவும், பிடிக்கவும் அவர் தேர்ந்தார்.

நிர்வாகம் என்ற அளவில் அதைக் குறைவாக மதிப்பிடுவதற்கில்லை. ஆயிரக்கணக்கான பாத்திகளின் விளைவை நாள்தோறும் கணக்கில் கொண்டுவந்த ஸ்தாபனம் சாமானியமானதன்று. ஆனால் அதன் கணக்கேட்டில் உபயோகிப்பவனுக்குப் பத்தி கிடையாது. கரையில் தானாகப் பூத்த உப்பைச் சுரண்டி எடுத்த ஏழை அதில் குற்றவாளியாக மட்டுமே இடம்பெற்றான். 1923-இல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாயிருந்த வரியைச் சட்டசபையின் விருப்பத்துக்கு மாறாக வைஸ்ராய் ரெடிங் இரண்டரை ரூபாயாக்கியபோது, கஜானாவின் தேவை ஒன்றே காரணமாகக் காட்டப்பட்டது. மறு வருஷமே அவ்வுயர்வு கைவிடப்பட்டது. 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்தபோது நாடு முழுவதும் கேட்ட கேள்வி, உப்பை உண்பவனுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன ஸ்தானம் என்பதே. 1931-இல் காந்தி-இர்வின் ஒப்பந்தம் உப்பு விளையும் கரையிலுள்ள கிராமத்தார் தம் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள அனுமதித்தது. 1947 ஏப்ரல் முதல் தேதியன்று வரியே நீங்கியது.

கால்வாயும் அந்த யுகத்தின் கைவேலையே. 1806-இல் சென்னையிலிருந்து வடக்கே சிறு அளவில் தொடங்கிய கால்வாய் பல்லாண்டுகளில் நீண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது, நகரத்தின் நடுவே வடகால்வாயையும் தென்கால்வாயையும் இணைக்கும் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. பட்டினி கிடந்தவர்கள் மண் வெட்டிக் கூலி பெற்ற அவ்வேலை, இத்தனை ஆள், இத்தனை கன அடி மண், இத்தனை நாள் என்று வகுத்து நடத்தப்பட்டது. பெருவேலைகளைப் பகுத்து நடத்தும் நிர்வாகப் பயிற்சி சர்வே, மராமத்து ஆகிய துறைகளின் வழியாகத்தான் நம் நாட்டில் வேரூன்றிற்று. மைக்கேல் டாப்பிங் 1794-இல் சென்னைக் கோட்டையருகே எட்டு மாணவர்களோடு தொடங்கிய சர்வே பள்ளியே நாளடைவில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே கற்பிக்கப்பட்டது நிலத்தை அளக்கும் கலை. நிலத்தில் வாழ்பவரை விசாரிக்கும் கலைக்கு அப்போது பள்ளி இல்லை.

எனினும் சென்னையிலேயே வேறு ஒரு போக்கும் மெதுவாகத் தலையெடுத்தது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்னும் வைத்தியர் ஆரம்பித்துச் சர்க்கார் வசமான கலைத்தொழிற் பள்ளியில், ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அந்த உலோகம் புதியது; எனினும் அது நம் அடுக்களையில் புகுவதற்கு நம் பெண்கள் கைக்குப் பழகிய வடிவம் எடுக்க வேண்டியிருந்தது. ஃபிரெடரிக் நிக்கல்சன் 1905-இல் சென்னை ராஜதானியின் மீன்பிடித் தொழிலை ஆராயப் புகுந்தபோது, மீனவரின் கடன், வள்ளம், வலை, பதனம் ஆகியவற்றை அவர்கள் வாழும் இடத்திலேயே சென்று அறிந்துகொண்ட பிறகே சீர்திருத்தம் பற்றிப் பேசினார். இக்கரை நெடுகச் சர்க்கார் நடத்திய மீன் பதனிடும் முற்றங்களில் சலுகை விலைக்கு உப்பு கொடுக்கும் ஏற்பாடு அதற்கு முன்பே இருந்தது. அதை மீனவன் பார்வையிலிருந்து ஆராய்ந்தவர்களில் நிக்கல்சன் முன்னோடி எனலாம். யாழ்ப்பாணத்து முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வகுத்தபோது, நம் எழுத்துக்களின் பெருந்தொகையைச் சில விசைகளுக்குள் அடக்கி, விரல் போகும் வழிக்கு ஏற்ப அவற்றை அமைக்கும் பிரச்சினையைத் தீர்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பொறியின் பயனாகத் திண்டிவனம் போன்ற சிறு நகரங்களிலும் தட்டெழுத்துப் பயிலகங்கள் பெருகின. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அமர்ந்து, லோயர் ஹையர் என்னும் சர்க்கார் பரீட்சைகளை எழுதித் தேறி உத்தியோகம் தேடிய தலைமுறைக்குப் பட்டப்படிப்புக்கு வெளியே கட்டணம் செலுத்திப் பயின்ற முதல் தொழிற்பயிற்சி அதுதான். இன்றைய யூஎக்ஸ் வகுப்புக்குத் தமிழகத்தில் மூதாதை எதுவென்று தேடினால், பெருங்கல்லூரிகளுக்கு முன்னர் இந்தப் பயிலகங்களையே காட்ட வேண்டும்.

சுதந்திரத்திற்குப் பின்னர் உப்புத் தொழிலைப் பற்றிய சிந்தனை வேறு திசையில் திரும்பியது. வரி போயிற்று, இனி உப்பின் தரமே காரியம் என்றாயிற்று. 1948-இல் நாரியல்வாலா தலைமையில் அமைந்த உப்பு நிபுணர் குழு நாடெங்குமுள்ள அளங்களை ஆராய்ந்து, தரத்தை உயர்த்தும் வழிகளை எடுத்துக் கூறியது. 1954 ஏப்ரல் 10-ஆம் தேதி பாவநகரில் நேருஜி மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். பாத்திகளை எந்த விகிதத்தில் பிரிப்பது, எத்தனையாவது டிகிரியில் நீரை மாற்றுவது, எப்போது கசப்பு நீரை வெளியேற்றுவது என்பனவெல்லாம் கருவியால் அளந்து கூறத்தக்கவை ஆயின. அளவுகோல் கிடங்கு வாயிலை விட்டுப் பாத்திக்குள்ளேயே இறங்கிவந்த காலம் என்று அதைச் சொல்லலாம். முன்னோர் விரலால் அறிந்த பதத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்து அறிவது மேற்பார்வையாளரின் பாடமாயிற்று.

அதே ஆண்டுகளில் தொழில் நிர்வாகமும் ஒரு சாஸ்திரமாக நம் நாட்டில் நுழைந்தது. வேலையைக் காலத்தின்மேல் கோடுகளாகப் பரப்பிக் காட்டும் வரைபடத்தை ஹென்றி கான்ட் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேயே அமெரிக்காவில் பரப்பியிருந்தார். இரண்டாம் உலகப்போரில் அந்நாட்டு ஆலைகளில் உருவான மேற்பார்வையாளர் பயிற்சி முறை, கற்பவனைத் தயார் செய், செய்து காட்டு, செய்யச் சொல், பின்தொடர்ந்து பார் என்னும் நான்கு படிகளைக் கொண்டது; அது போருக்குப் பின் பல நாடுகளுக்குப் பரவிற்று. 1957-இல் டூபான்ட் கம்பெனியார் வகுத்த நெருக்கடிப் பாதை முறையும், 1958-இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக வகுத்த பெர்ட் முறையும் திட்ட மேலாண்மையைத் தனித் தொழிலாக்கின. நம் தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் 1958-இல் தோன்றிற்று. இவை அனைத்தும் காலத்தையும் செலவையும் அளந்தன. வேலை குறித்த நாளில் முடிந்ததா என்று கேட்டன. முடிந்த வேலை யாருக்கு உதவிற்று என்று கேட்கும் பொறுப்பு வேறொரு மரபுக்கு உரியதாயிருந்தது.

அந்த மரபு பிறந்த இடம் போர் விமானத்தின் ஓட்டுநர் இருக்கை. தரையிறங்கிய பின் இறக்கைத் தட்டை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கி அமெரிக்க விமானிகள் பலர் விபத்துக்குள்ளாயினர். பழி அவர்கள்மேலேயே சுமத்தப்பட்டுவந்த நிலையில், அல்ஃபோன்ஸ் சாபனிஸ் என்னும் உளநூலார் இரு பிடிகளும் ஒரே வடிவில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே காரணம் என்று கண்டு, ஒன்றன் முனையில் சக்கர வடிவையும் மற்றதன் முனையில் இறக்கை வடிவையும் பொருத்தச் செய்தார். 1947-இல் ஃபிட்ஸும் ஜோன்ஸும் விமானிகளின் 460 தவறுகளை ஆராய்ந்து, ஓட்டியவன் பிழை எனப்பட்டவற்றில் பெரும்பகுதி கருவியை வகுத்தவன் பிழை என்று காட்டினார்கள். நம் நாட்டிலும் அக்கருத்து வேறு வழியில் வந்து சேர்ந்தது. சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய சர்க்காரின் அழைப்பில் வந்து பல ஊர்களில் திரிந்து 1958 ஏப்ரலில் அளித்த அறிக்கையில், நம் லோட்டாச் செம்பைத் தலைமுறை தலைமுறையான உபயோகத்தால் பண்பட்ட வடிவத்துக்கு உதாரணமாகப் புகழ்ந்தனர். அதன் விளைவாக 1961-இல் ஆமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிலையமும், 1969-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையமும் தொடர்ந்து வந்தன. தமிழகத்தில் காஞ்சிபுரம் பெயரைத் தாங்கி, வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில், வடிவமைப்பையும் பெயரிலே கொண்ட மத்திய உயர்கல்வி நிலையம் 2007-இல் ஏற்பட்டது.

கணிப்பொறி பரவியபோது இரு மரபுகளும் ஒன்றையொன்று சந்தித்தே ஆக வேண்டியதாயிற்று. 1985-இல் கூல்டும் லூயிஸும், உபயோகிப்போரை ஆரம்பத்திலேயே அறிதல், நேரில் அளந்து பார்த்தல், திருத்தித் திருத்தி வகுத்தல் என மூன்று விதிகளைக் கூறினர். 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்ட் நார்மன் தம் பதவிப் பெயரிலேயே பயனர் அனுபவம் என்ற சொற்றொடரைச் சேர்த்துக்கொண்டார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர் வெளியிட்ட அஜைல் பிரகடனம், நீண்ட திட்டங்களைச் சிறு தவணைகளாக வெட்டியது. தமிழர்க்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மகாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரித்தது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம் என்று ஒழுங்குடன் வகுக்கப்பட்ட அது, புதிதாகக் கற்பவர்க்கு எளிது. ஆனால் பழைய தட்டெழுத்துப் பயிலகத்தில் விரல் பழகிய லட்சக்கணக்கானோர் தம் பழக்கத்தை எளிதில் விடவில்லை. தர்க்கத்தால் சிறந்த வடிவமும் கைப்பழக்கத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம் மொழியிலேயே கிடைத்த சாட்சி அது.

இவ்வளவு சரித்திரத்தையும் சுமந்துகொண்டுதான் இன்றைய மாணவன் வகுப்பறையில் நுழைகிறான். இரண்டு மூன்று நாட்களிலோ, வாரக் கடைசிகளாகச் சில மாதங்களிலோ நடத்தப்படும் இப்பயிற்சியில், முதலில் உபயோகிப்போரைக் கண்டு பேசும் முறையும், அவர்களின் குணபேதங்களைத் தொகுத்துப் பெர்சோனா என்னும் மாதிரி மனிதர்களை எழுதும் முறையும் சொல்லித் தரப்படுகின்றன. அதன் பின் வயர்ஃபிரேம் என்னும் கோட்டுப் படம், புரோட்டோடைப் என்னும் முன்மாதிரி, அதைச் சிலரிடம் கொடுத்துத் தடுமாறும் இடங்களைக் குறிக்கும் சோதனை என்று வரிசையாக வரும். இரண்டு வாரத் தவணைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். மிச்சமுள்ள வேலைகளின் பட்டியலுக்கு பேக்லாக் என்று பெயர். வகுப்பில் எழும் சர்ச்சையோ பெரும்பாலும் ஒன்றே: விசாரணைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது? பணம் கொடுப்பவர் விசாரணையைத் தாமதம் என்கிறார். வடிவமைப்பவர் அதையே அஸ்திவாரம் என்கிறார். இருவருக்குமிடையில் நாளையும் உண்மையையும் ஒருங்கே காப்பாற்றுவது மேலாளரின் தர்மம். கான்ட் வழியும் சாபனிஸ் வழியும் ஒரு மேசையில் வந்து அமர்ந்திருக்கும் நிலை இது.

இந்தச் சர்ச்சைக்கு விடை தேடுவோர் மரக்காணத்தின் தொழிலாகிய உப்பிலிருந்தே ஒரு பெரிய உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். கழலை நோயைத் தடுக்க அயோடின் கலந்த உப்பை அளிக்கலாமா என்று ராமலிங்கசுவாமி முதலிய வைத்திய அறிஞர்கள் 1956 முதல் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் பரிசோதித்தார்கள். சில கிராமங்களுக்கு அயோடின் உப்பும் மற்றவற்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கிப் பலனை ஒப்பிட்டார்கள். 1962-இல் தேசியத் திட்டம் பிறந்தது. 1980-களில் நாடு முழுவதற்கும் அதை விரிப்பதென்று தீர்மானமாயிற்று. சாதாரண உப்பை உண்ணும் உபயோகத்துக்கு விற்பதற்கு 1998-இல் விதிக்கப்பட்ட தடை 2000-இல் விலக்கப்பட்டு, 2006-இல் மறுபடியும் அமலாயிற்று. இந்த ஏற்றத்தாழ்வுக்கு நடுவிலும் அத்திட்டத்தை வகுத்தவர்கள் ஒரு நுட்பமான காரியத்தைச் செய்தார்கள். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் எளிதில் சிதைந்து அயோடினை இழக்கும் பொட்டாசியம் அயோடைடை விட்டு, நிலைத்து நிற்கும் பொட்டாசியம் அயோடேட்டைத் தேர்ந்தார்கள். அதற்கும் மேலாக, உற்பத்தி இடத்தில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு, உண்பவர் கையில் சேரும்போது 15 பங்கு என்று இரண்டு இடங்களுக்கு இரண்டு அளவு விதித்தார்கள். லாரியில் நனைந்து, கடையில் திறந்து கிடந்து, அடுப்பருகே ஜாடியில் ஈரம் குடிக்கும் உப்பின் பிரயாணம் முழுவதும் அந்த இரண்டாவது எண்ணில் அடங்கியிருக்கிறது. கம்பெனி காலத்தில் கிடங்கு வாயிலிலேயே நின்றுவிட்ட அளவுகோல், இங்கே வீட்டு அடுக்களை வரையில் சென்றது.

உபயோகிப்பவரை மையமாகக் கொண்ட திட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஆயினும் அதிலும் ஒரு குறை உண்டு. அயோடின் கலக்கும் இயந்திரமும், பொட்டலமும், பரிசோதனையும் பெரிய ஆலைகளுக்கு எளிதாயின. சில ஏக்கர் குத்தகையில் கல்லுப்பு வாரும் சிறு உற்பத்தியாளருக்கு அவை பாரமாயின. உண்பவரை விசாரித்தவர்கள், ஆக்குபவரை அதே சிரத்தையோடு விசாரிக்கவில்லை.

அந்த ஆக்குபவர் இன்றைக்கு எவ்விதம் இருக்கிறார் என்று மரக்காணத்தில் நேரில் காணலாம். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளையும் இடம் இது. மத்திய மாநில அரசுகளின் நிலத்தில் சுமார் 3,500 ஏக்கர் பரப்பில் பாத்திகள் விரிந்திருக்கின்றன. அருகிலுள்ள கழுவெளி நீர்நிலை 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மேய வரும் பறவைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்திருப்பது நல்ல காரியமே. ஆனால் பாத்தியில் நிற்கும் ஆணும் பெண்ணும், வெள்ளைப் பரப்பில் மோதித் திரும்பும் வெயிலால் கண் கூசி, உவர்நீரால் கால் வெடித்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலையிழந்து நிற்கிறார்கள். அந்த மழை மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்து வழங்கிவருகிறது. நலவாரியப் பதிவும் இப்போது இணைய வழியில் நடைபெறுகிறது.

வகுப்பில் கற்றவர்க்கு இங்கே வேலை காத்திருக்கிறது. உப்பின் ஒளியில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கு, வெளிர்நிறப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் அச்சிட்ட சிற்றெழுத்து தெரியாது. உவர்நீர் படிந்த விரலை, தொடுதிரை சரியாக உணராது. பாத்தியை விட்டு நகர்ந்தால் அன்றைய வாரல் கெடும் என்னும் நேரத்தில் வந்து காலாவதியாகும் ஒருமுறைக் கடவுச்சொல் அவருக்கு உதவாது. குளிர்ந்த அறையில் அமர்ந்து எழுதிய பெர்சோனாவில் இந்த மூன்றும் வருவதில்லை. அறையில் இருந்தபடியே இவற்றைக் கற்பனை செய்வது எந்தப் புத்திசாலிக்கும் அரிது. ஒரு முற்பகல் வரப்பில் நின்றால் யாருக்கும் விளங்கிவிடும்.

இந்தக் கரையின் சரித்திரத்திலிருந்து பெறத்தக்க தீர்ப்பு இதுவே: பயிற்சி நல்லதா என்பதை அதன் பாடத்திட்டத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது, முடிந்த வேலையின் பலனை எந்த இடத்தில் நின்று அளக்கக் கற்பிக்கிறது என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். உப்பு இலாகாவுக்கு ஒழுங்கில் குறைவில்லை. அளந்த இடம் தவறு. ஆகவே சென்னையிலும் பிற நகரங்களிலும் இவ்வகுப்புகளை நடத்துவோர், தம் கால அட்டவணையில் குறைந்தது ஒரு நாளையேனும் அறைக்கு வெளியே, உப்பளத்திலோ மீன் ஏலக் கூடத்திலோ ரேஷன் கடை வரிசையிலோ கழிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணம் செலுத்திச் சேரும் இளைஞர்களும், சான்றிதழில் எந்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ஒரு நாள் அட்டவணையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுவது நலம்.